ஸ்லேட் பூல் டேபிளை வீட்டிலேயே பூட்டலாமா? கல்லுக்கு அடியில் பாருங்கள்

கேள்வி இதுதான்: 8 அடி பூல் டேபிள் ஒன்று கைக்கு வருகிறது. பந்து ஓடும் பரப்பான ஸ்லேட் என்ற கற்பலகை மூன்று துண்டாக, பிரித்து வைத்த நிலையில். இதை வீட்டில் நாமே பூட்ட முடியுமா, பூட்டிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது, பந்து ஒரு பக்கமாக இழுக்காமல் இருக்க என்ன செய்வது?

பூட்டலாம். தூக்குவதற்கு மூன்று நான்கு பேர், ஒரு நல்ல ரசமட்டம், முழுசாக ஒரு நாள், இவ்வளவு இருந்தால் ஆகும். துணி போடும் வேலையை மட்டும், முதல் தடவை என்றால், பழக்கமுள்ள ஒருவரிடம் விட்டுவிடச் சொல்வேன். டேபிள் வாங்குகிறவர்கள் எல்லாரும் கல்லைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். இத்தாலிக் கல்லா, பிரேசில் கல்லா, சீனக் கல்லா என்று. ஒழுங்காக இழைத்த ஒரு அங்குல ஸ்லேட் எங்கிருந்து வந்தாலும் தன் வேலையைச் செய்துவிடும். பந்து கோணலாக ஓடும் டேபிளில் குற்றம் பெரும்பாலும் கல்லின் மேல் இல்லை. அடியில் இருக்கும் சட்டத்தின் மேல், தரையின் மேல், இல்லாவிட்டால் கல்லின் மேல் போர்த்திய துணியின் மேல்.

முதலில் அது ஸ்லேட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ‘சிந்தெடிக் ஸ்லேட்’ என்ற மாதிரிப் பெயர்களில் விற்பதெல்லாம் கல் அல்ல, பூச்சு பூசிய அழுத்தப் பலகை. ஈரம் பட்டால் உப்பும், வருடங்கள் போகப் போக நடுவில் தொய்யும், தொய்ந்த பிறகு சரிசெய்ய வழியே கிடையாது. பிரித்து வைத்த டேபிளில் கண்டுபிடிப்பது சுலபம். பாக்கெட்டுக்காக (பந்து விழும் குழி) வெட்டிய ஓரத்தில் சாம்பல் நிறக் கல்லின் வெட்டுமுகம் தெரியும். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தால் மிச்சச் சந்தேகமும் போய்விடும். 8 அடி டேபிளில் ஒரு அங்குலத் தடிமன் என்றால் மூன்று துண்டும் சேர்ந்து சுமார் 200 கிலோ. சட்டம், கால், ரெயில் (டேபிளைச் சுற்றியுள்ள விளிம்புக் கட்டை) எல்லாவற்றோடும் 350 முதல் 450 கிலோ வரை வரும். முக்கால் அங்குல ஸ்லேட்டும் உண்டு. உலக பூல் பில்லியர்ட்ஸ் சங்கம் போட்டி டேபிளுக்குக் கேட்பது குறைந்தது ஒரு அங்குலம். முக்கால் அங்குலம்தான் கிடைத்தது என்றால் தள்ளிவிட வேண்டாம், ஆனால் அடிச் சட்டத்தில் குறுக்குக் கட்டைகள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏனென்றால் ஸ்லேட் வளையும். கல் எப்படி வளையும் என்று கேட்பீர்கள். வளையும், பூட்டும் வேலையில் பாதி அந்த வளைவோடு மல்லுக்கட்டுவதுதான்.

அறையின் அளவு. டேபிளின் வெளி விளிம்பிலிருந்து கணக்குப் போடாதீர்கள், ஆடும் பரப்பிலிருந்து போடுங்கள். 8 அடி டேபிளில் குஷன் மூக்கிலிருந்து (ரெயிலின் உட்புற ரப்பர் ஓரம்) எதிர் மூக்கு வரை 44க்கு 88 அங்குலம். நான்கு பக்கமும் ஒரு க்யூ (பந்தை அடிக்கும் கோல்) நீளம், அதாவது 58 அங்குலம் சேர்த்தால் 13 அடி 4 அங்குலத்துக்கு 17 அடி வரும். இது க்யூவின் பின்முனை சுவரில் இடிக்காமல் நிற்கும் அளவு மட்டுமே. கையைப் பின்னால் இழுத்து அடிக்க ஒவ்வொரு பக்கமும் இன்னும் அரை அடி இருந்தால்தான் நிம்மதி. இதே கணக்கில் 9 அடி டேபிளுக்கு (50க்கு 100 அங்குலம்) குறைந்தபட்சம் 13 அடி 10 அங்குலத்துக்கு 18 அடி. ஒரு மூலையில் மட்டும் தூண் இடிக்கிறது என்றால் 48 அல்லது 52 அங்குலக் குட்டைக் க்யூ ஒன்று வைத்துச் சமாளிக்கலாம். எல்லாப் பக்கமும் குட்டைக் க்யூ எடுக்க வேண்டிய அறையில் 8 அடி டேபிளைத் திணிப்பதைவிட 7 அடியோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாடியில் வைக்கலாமா என்ற பயம் பலருக்கு உண்டு. 400 கிலோவை டேபிள் அடைக்கும் இடத்துக்குப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 110 கிலோ அளவில் வரும். வீட்டுத் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குக் கணக்கிட்டே கட்டுகிறார்கள். ஆகவே நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய பாரம் இல்லை. ஆனால் பாரம் பரவலாக இறங்குவதில்லை, கால் வழியாக இறங்குகிறது. நாலு கால் என்றால் ஒவ்வொன்றிலும் 100 கிலோ. டைல்ஸுக்கு அடியில் பொள்ளலாக இருந்தால் அந்த இடம் விரிசல் விடும், அதனால் காலுக்கு அடியில் தடிமனான பிளைவுட் துண்டு கொடுங்கள். மரத்தளம் வேறு கதை. அது தாங்கினாலும் ஆள் நடக்கும்போது துள்ளும், மழைக்காலத்தில் ஒரு மட்டம், வெயில் காலத்தில் ஒரு மட்டம் என்று மாறும். அங்கே உத்திரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிய பிறகு இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஸ்லேட் துண்டுகளை எப்போதும் நிற்கவைத்தே தூக்க வேண்டும், கண்ணாடிப் பலகையைத் தூக்குகிற மாதிரி. படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் விரிசல் விடலாம். பாக்கெட் வெட்டுகளின் ஓரத்தில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இன்னும் மோசம். அதைக் கைப்பிடியாகப் பிடிக்கவோ, அதன் மேல் கல்லை ஊன்றவோ கூடாது. சுவரில் சாய்த்து வைக்கும்போதும் கீழே இரண்டு மரக்கட்டை போட்டு வையுங்கள்.

இனி சட்டம். கால்களை மாட்டி, போல்ட்டுகளை இறுக்கி, மூலைக்கு மூலை நாடா பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சட்டம் சதுரமாக இல்லை. பிறகு ரெயில் மாட்டும்போது ஓட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. தரையின் சரிவு முழுவதையும் இந்தக் கட்டத்தில் கால்களிலேயே சரிசெய்துவிடுங்கள். கால் அட்ஜஸ்டர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் காலுக்கு அடியில் தகடு கொடுத்து. சட்டத்தைக் கோணலாக விட்டுவிட்டு, கல்லுக்கு அடியில் ஆப்பு சொருகிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி உயரமாகச் சொருகிய ஆப்புகளின் மேல் கல் நாலைந்து புள்ளிகளில் மட்டும் நிற்கும், நடுவே தொங்கும்.

கல் வைக்கும் வரிசை: நடுத்துண்டு முதலில், அதன் பின் இரு முனைகள். துண்டுகளில் பெரும்பாலும் எண்ணோ அம்புக்குறியோ இருக்கும், ஏனென்றால் மூன்றும் ஒன்றாகச் சேர்த்து இழைத்த ஜோடிகள். இடம் மாற்றினால் சேராது.

மட்டம் பார்க்கும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போட்டி டேபிளுக்கான விதி, நீளவாட்டில் 0.020 அங்குலம், அகலவாட்டில் 0.010 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்கிறது. 0.010 அங்குலம் என்பது கால் மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் நல்ல தச்சு ரசமட்டத்தின் துல்லியம் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர். அதாவது, குமிழி நட்ட நடுவில் நிற்கும்போதே டேபிளின் அகலத்தில் விதி அனுமதிப்பதைப் போல இரண்டு மடங்கு தவறு ஒளிந்திருக்கலாம். செல்போன் செயலியைப் பற்றிப் பேசவே வேண்டாம். லேத் பட்டறைகளில் இயந்திரங்களை நிறுத்த வைத்திருக்கும் ரசமட்டம், குமிழி ஒரு கோடு நகர்ந்தால் அடிக்கு 0.005 அங்குலம் என்று காட்டுவது, அதுதான் இதற்குச் சரியானது. இரவல் கிடைத்தாலும் போதும். எந்த ரசமட்டமானாலும் ஒரே இடத்தில் ஒருமுறை வைத்துப் படித்து, அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபடி படியுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் கோணல் கருவியில் இருக்கிறது.

நடுத்துண்டை நீளத்திலும் அகலத்திலும் மட்டம் செய்துவிட்டு, முனைத் துண்டுகளை அதற்கு ஏற்ப உயர்த்தித் தாழ்த்துங்கள். கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுக்கும் ஆப்பு மெல்லிய உலோகத் தகடாகவோ கெட்டியான மர ஆப்பாகவோ இருக்கலாம். சீட்டுக்கட்டு அட்டையை மடித்துச் சொருகுவது பழைய வழக்கம், ஓரளவுக்கு வேலையும் செய்யும், ஆனால் ஈரக்காற்றில் அட்டை ஊறி நசுங்கும்.

ஆப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆப்பு ஒரு இடத்தில், ஸ்க்ரூ ஒரு சாண் தள்ளி என்று இருந்தால், ஸ்க்ரூவை இறுக்க இறுக்க அந்த இடத்தில் கல் கீழே இழுபட்டு வளையும். வளைந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது, பந்து பார்த்துவிடும். அதனால் ஸ்க்ரூவைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ரசமட்டத்தைப் பார்த்து, இன்னும் கால் சுற்று இறுக்கி, மறுபடி பார்த்து, இப்படியே போங்கள். ஸ்க்ரூவின் வேலை கல்லை நகராமல் பிடிப்பது மட்டும்தான், அழுத்திப் பிடிப்பது இல்லை. பவர் டிரில்லில் போட்டு முறுக்கினால் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிக் கல் உடையும். ஸ்க்ரூவின் தலை கல்லின் பரப்புக்குக் கீழே அமுங்கி நிற்க வேண்டும். அந்தக் குழியைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம்.

இரண்டு துண்டுகள் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் குறுக்கே தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படியும் விரலுக்குத் தெரியும். அதன் மேல் ஒரு நேரான உலோகப் பட்டையை வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம்.

இடைவெளியை அடைக்கத் தேன்மெழுகு, இல்லாவிட்டால் கார் டிங்கரிங்கில் போடும் பட்டி. இதில் இரண்டு கட்சி உண்டு, சமாதானம் வராது. தேன்மெழுகு என்றால் கல்லை லேசாகச் சூடுகாட்டி, மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் கூரான தகட்டால் பரப்போடு சீவிவிட வேண்டும். பிரிப்பது சுலபம், கல் கொஞ்சம் அசைந்தாலும் மெழுகு ஒத்துப்போகும். ஆனால் வெப்பமான அறையில் மெழுகு இளகிக் கீழே இறங்கும், இணைப்பில் மெல்லிய வாய்க்கால் விழும். பட்டி கல் மாதிரி நிற்கும், தேய்த்து நைஸாக்கலாம், ஆனால் தரை அசையும் வீட்டில் வெடிக்கும், டேபிளைப் பிரிக்கும்போது சுரண்டி எடுப்பது தொல்லை. குளிர்ச்சியான அறைக்கு மெழுகு, சூடான அறைக்குப் பட்டி என்பது என் பக்கம். எதைப் போட்டாலும் மேலே ஒரு துகள் இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் துணி. மணல் பருமனுள்ள ஒரு துகள் போதும், துணி வழியே முட்டிக்கொண்டு நிற்கும்.

துணியில் இரண்டு வகை. ஒன்று, மேலே மயிர்போன்ற பஞ்சு எழும்பிய கம்பளித் துணி. மற்றது, பஞ்சு இல்லாமல் இறுக்கி நெய்த வொர்ஸ்டெட். 1680 முதல் பெல்ஜியத்தின் வெர்வியேயில் துணி நெய்துவரும் சிமோனிஸ் நிறுவனத்தின் 860 ரகம் 90 சதவீதம் கம்பளி, 10 சதவீதம் நைலான். போட்டிகளில் அடிக்கடி பார்ப்பது இந்த ஜாதி. வொர்ஸ்டெட்டில் பந்து வேகமாக, நேராக ஓடும், அழுக்கும் குறைவாகப் பிடிக்கும். வீட்டுக்கும் அதையே போடுங்கள் என்பேன், டேபிளின் செதுக்கு வேலைப்பாட்டில் மிச்சம் பிடித்தாவது. துணியை ஸ்லேட்டின் அடியில் ஒட்டியிருக்கும் மரப் பட்டையில் ஸ்டேப்பிள் அடிப்பார்கள்; பட்டை இல்லாத கல்லில் ஓரத்தில் பசை வைத்து ஒட்டுவார்கள். முழு டேபிளிலும் இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். தளர்ந்தால் பந்து மந்தமாக ஓடும், க்யூ நுனி பட்டால் சுருக்கம் விழும். ஓர் இடத்தில் மட்டும் அதிகமாக இழுத்தால் நெசவு வளைந்து நிற்கும். இந்தச் சீர் கைப்பழக்கத்தில்தான் வரும், அதனால்தான் முதலிலேயே வேறொருவரிடம் விடச் சொன்னேன்.

ரெயில்களை மாட்டும்போது ஆறு ரெயில்களையும் தளர்வாகப் பூட்டி, பாக்கெட் வாய்களின் அகலமும் எதிரெதிர் ரெயில்களின் நேர்கோடும் சரியா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். இங்கே ஸ்லேட் ஸ்க்ரூ மாதிரி தயங்கத் தேவையில்லை, இவை நன்றாக இறுக வேண்டும். ஒரு போல்ட் தளர்ந்தாலும் அந்தப் பகுதியில் பந்து பட்டால் ‘தொப்’ என்று சத்தம் வரும், திரும்பி வரும் வேகம் செத்திருக்கும். ரப்பர் போய்விட்டது என்று குஷனையே மாற்றக் கிளம்புவதற்கு முன் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் பாருங்கள். குஷன் மூக்கின் உயரம் பந்தின் விட்டத்தில் 63.5 சதவீதம், ஒரு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 57.15 மில்லிமீட்டர் பூல் பந்துக்கு அது சுமார் 36 மில்லிமீட்டர். இதைவிடத் தாழ்ந்தால் வேகமாக வரும் பந்து குதிக்கும். குஷனின் உயிரைச் சோதிக்க, ஒரு முனையிலிருந்து நடுக்கோட்டில் பலமாக ஒரு பந்தை அடியுங்கள். குதிக்காமல் டேபிளின் நீளத்தை நாலு, நாலரை தடவை கடக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பந்தை மிக மெதுவாக உருட்டிப் பாருங்கள், நிற்கப் போகும் கடைசி ஓரடியில்தான் உண்மை தெரியும். அதே கோட்டில் எதிர்த்திசையிலும் உருட்ட வேண்டும். இரண்டு தடவையும் அறையின் ஒரே சுவர்ப் பக்கம் இழுத்தால் டேபிள் சரிந்திருக்கிறது. ஒரு பந்தில் மட்டும் இழுப்பு இருந்தால் கோளாறு பந்தில். பஞ்சுள்ள துணியில், பஞ்சுக்கு எதிராகப் போகும் மெதுவான பந்து மட்டமான டேபிளிலும் கொஞ்சம் விலகும், அதைத் துரத்திக்கொண்டு ஆப்பைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

விளக்கைப் பற்றி ஒரு வரி: டேபிள் முழுவதும் நிழலில்லாமல் விழ வேண்டும். தூக்கி நகர்த்த முடியாத தொங்குவிளக்கு என்றால் டேபிள் பரப்பிலிருந்து 65 அங்குல உயரம், நகர்த்தக் கூடியது என்றால் 40 அங்குலம் குறையாமல் இருக்க வேண்டும்.

பராமரிப்பில் நான் முதலில் வைப்பது சாக்கை, அதாவது க்யூ நுனியில் தேய்க்கும் கட்டியை. வில்லியம் ஸ்பிங்க்ஸும் வில்லியம் ஹாஸ்கின்ஸும் 1897ல் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்தே க்யூ சாக் என்பது பள்ளிக்கூடச் சாக்கட்டி இல்லை. அதில் சிலிக்காவும், உப்புக்காகிதத்தில் இருக்கும் வகையைச் சேர்ந்த அலுமினிய ஆக்சைடும் உண்டு. இந்தத் தூள் துணியில் தங்கி, பந்தின் அடியில் அரைபட்டு, நூலை அறுக்கிறது. டேபிளின் மேல் நின்றுகொண்டு சாக் போடாமல், ஓரமாகத் தள்ளி நின்று போடுவது ஒரு பழக்கம்தான், செலவே இல்லை. ஊதி விடாதீர்கள், அது துணியில்தான் விழும்.

வாரம் ஒரு தடவையாவது வேக்குவம் கிளீனரால் தூசி எடுங்கள். சுழலும் பிரஷ் இல்லாத முனையைப் போட்டு, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, பாக்கெட் ஓரங்களில் துணியை இழுக்காமல் கவனமாக. பஞ்சுள்ள துணி என்றால் பிரஷ்ஷை ஒரே திசையில் மட்டும் ஓட்ட வேண்டும். வொர்ஸ்டெட்டுக்கு எப்போதாவது நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு, அது போதும். ஸ்னூக்கர் டேபிளில் இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டு இதிலும் போட வேண்டாம். அங்கே பஞ்சைப் படியவைக்கத்தான் அது, வொர்ஸ்டெட்டில் படியவைக்க எதுவுமில்லை.

பந்துகளைக் கழுவுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இளஞ்சூடான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவி உடனே துடையுங்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். அழுக்குப் பந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், அதனால் அடி தவறும், துணியும் தேயும். பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் இடத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் துணி உராய்வில் கருகிய தடம், துடைத்தால் போகாது. பீனாலிக் ரெசின் பந்துகள், மலிவான பாலியெஸ்டர் பந்துகளைவிடக் குறைவாகவே அப்படித் தடம் போடும். பிரேக் அடிக்கும் இடத்தைக் கொஞ்சம் இடவலமாக மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரே இடம் குழியாகாது.

வெயில் விழும் ஜன்னலுக்கு நேராக டேபிளைப் போடாதீர்கள். துணி வெளுப்பது சின்ன நஷ்டம், குஷன் ரப்பர் காய்ந்து கெட்டியாவது பெரிய நஷ்டம். அறையின் ஈரப்பதம் 40க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவே பெரிய ஆட்டம் இல்லாமல் இருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளாது, துணியும் தளராது. ரெயிலில் உட்கார்ந்து அரட்டை அடிப்பதை வீட்டில் யாராக இருந்தாலும் தடுங்கள். ரெயில் போல்ட்டுகள் தளர்வதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

பூட்டி ஒன்றிரண்டு மாதத்தில் மட்டத்தை ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும், கார்ப்பெட் மேல் வைத்திருந்தால் கட்டாயம். கால்கள் மெல்ல அமுங்கியிருக்கும். அப்போது முதலில் கால்களில் மட்டும் சரிசெய்யுங்கள், கல்லின் ஆப்புகளைத் தொடாதீர்கள். மூன்று துண்டும் ஒன்றாகச் சாய்ந்திருந்தால் கால்களிலேயே தீர்ந்துவிடும். இணைப்பில் விரலுக்குப் படி தட்டுப்பட்டால்தான் துணியைக் கழற்றிக் கல்லுக்கு வர வேண்டும். அந்த வேலையைத் துணி மாற்றும் நாள் வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் ஒருமுறை இழுத்து அடித்த துணியைக் கழற்றி மறுபடி போட்டால் பழைய ஸ்டேப்பிள் ஓட்டைகளில் கிழியும். டேபிளை நாலு அடி தள்ளி வைக்க வேண்டும் என்றாலும், ரெயிலைப் பிடித்துத் தூக்குவதோ இழுப்பதோ கூடாது. ரெயில் போல்ட்டும் போகும், இணைப்பும் விலகும். அடிச் சட்டத்தில் பிடித்துத் தூக்க ஆள் இல்லாவிட்டால், பிரித்துத்தான் நகர்த்த வேண்டும்.